சிறுகோளுக்கு ஜாதகம் பார்ப்பது எப்படி? அபோபிஸை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

‘பூமியை நோக்கிப் பாய்ந்து வரும் ராட்சத விண்கல்’ என்ற தலைப்பைப் பார்க்காமல் ஓர் ஆண்டு கழிவதில்லை. உள்ளே போனால் ஒரு வேகம், ஒரு தூரம், கால்பந்து மைதானத்தோடு ஓர் ஒப்பீடு. அந்தத் தூரம் எதிலிருந்து எதுவரை, அந்த அளவைக் கண்டது எப்படி, அதில் பிழை எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு ஒரு வரி இருக்காது. போதாக்குறைக்குப் பெயரே தவறு. தரையில் வந்து விழுந்த பிறகுதான் அது விண்கல். சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும் வரை அது சிறுகோள்.

இந்தச் செய்திகளை நாமே சரிபார்த்துவிடலாம். ஒரு சிறுகோளின் பாதையும் உடல்வாகும் பொதுவில் கிடைக்கும் தரவுகள். நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் நடத்தும் சிறுபொருள் தரவுத்தளத்தில் பெயரையோ எண்ணையோ தட்டினால் போதும், காசில்லாமல் ஜாதகமே வந்துவிடும். அதைப் படிக்கத்தான் கொஞ்சம் பழக்கம் வேண்டும். ஒரு நோட்டு, அறிவியல் கால்குலேட்டர், காம்பஸ், இரண்டு குண்டூசி, கொஞ்சம் நூல் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டு அபோபிஸ், 2029-இல் பூமியை உரசிப் போகவிருப்பது.

படி 1: பெயரில் இருந்து பிறந்த தேதியை எடுங்கள்

தரவுப் பக்கத்தின் மேலே ‘99942 அபோபிஸ்’ என்று இருக்கும். அருகில் பழைய பெயர்: 2004 எம்என்4. இந்தப் பழைய பெயர் வெறும் குறியீடு அல்ல, அதற்குள் ஒரு நாட்காட்டி இருக்கிறது. ஆண்டுக்கு அடுத்த எழுத்து அரை மாதத்தைச் சொல்லும். ஆங்கில அகரவரிசையில் ‘ஐ’ எழுத்தை மட்டும் தவிர்த்து, ‘ஏ’ என்றால் ஜனவரி முதல் பாதி, ‘பி’ என்றால் இரண்டாம் பாதி என்று எண்ணிக்கொண்டே போனால் ‘எம்’ ஜூன் மாதத்தின் பின்பாதியில் வந்து நிற்கும். அடுத்த எழுத்தும் எண்ணும் வரிசை. ‘என்’ 13-ஆம் எழுத்து. 4 என்பது 25 எழுத்துகளும் நான்கு சுற்று முடிந்துவிட்டன என்பதற்கு அடையாளம். 4 × 25 + 13 = 113. ஆக, 2004 ஜூன் பின்பாதிக் கணக்கில் ஏறிய 113-ஆவது பொருள்.

சரிதான். ராய் டக்கர், டேவிட் தோலன், ஃபாப்ரிட்ஸியோ பெர்னார்டி மூவரும் அரிசோனாவின் கிட் பீக்கில் இருந்து அதைக் கண்டது 2004 ஜூன் 19 அன்று. நிரந்தர எண்ணும் பெயரும் பாதை உறுதியான பிறகுதான் கிடைக்கும். இதற்கு 2005-இல் கிடைத்தது. அபோபிஸ் என்பது எகிப்தியச் சூரியக் கடவுளை விழுங்கப் பார்க்கும் பாம்பின் கிரேக்கப் பெயர். (நம் ஊரில் இருந்தும் இப்படிப் பெயரிட்டிருக்கிறார்கள். 1988-இல் காவலூர் வானாய்வகத்தில் கண்டறியப்பட்ட 4130-ஆம் சிறுகோளின் பெயர் இராமானுஜன். அது செவ்வாய்க்கு அப்பால் முதன்மைப் பட்டையில் சுற்றுவது. நமக்கு அருகில் வருவதில்லை.)

படி 2: மூன்று எண்களில் பாதையின் வடிவத்தைப் பிடியுங்கள்

பாதைப் பட்டியலில் நிறைய வரிகள் இருக்கும். முதலில் மூன்றே மூன்றை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அரைப் பேரச்சு, அதாவது நீள்வட்டப் பாதையின் நீளத்தில் பாதி, 0.9224 வானியல் அலகு. மையத்தொலைத்தகவு, அதாவது பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியது என்பதன் அளவு, 0.191. சாய்வு, அதாவது பூமியின் பாதைத் தளத்தோடு உண்டாகும் கோணம், 3.3 பாகை. ஒரு வானியல் அலகு என்பது ஏறக்குறைய 14.96 கோடி கிலோமீட்டர், அதாவது சூரியனிலிருந்து பூமியின் சராசரித் தூரம்.

மற்றதெல்லாம் கால்குலேட்டர் வேலை. அரைப் பேரச்சை (1 − 0.191) ஆல் பெருக்கினால் 0.746, சூரியனுக்கு மிக அருகில் வரும் தூரம். (1 + 0.191) ஆல் பெருக்கினால் 1.099, மிக விலகும் தூரம். ஒரு முனையில் வெள்ளியின் பாதைக்குச் சற்று வெளியே, மறுமுனையில் பூமியின் பாதையைத் தாண்டி. சுற்றுக்காலத்துக்குக் கெப்ளரின் மூன்றாம் விதி: அரைப் பேரச்சின் மும்மடியை எடுத்து வர்க்கமூலம் காணுங்கள். 0.886 ஆண்டு வரும். 324 நாள்.

இப்போது குலம் பார்க்கலாம். சூரியனை 1.3 அலகுக்குள் நெருங்கும் சிறுகோள் எதுவானாலும் ‘பூமியருகுச் சிறுகோள்’தான். அவற்றில் அரைப் பேரச்சு ஒன்றுக்குக் கீழே இருந்து, பூமியின் பாதையையும் எட்டிவிடுபவை ஏட்டன் வகை. ஒன்றுக்கு மேலே இருந்து உள்ளே வந்து வெட்டுபவை அப்பல்லோ. வெளியில் இருந்தபடியே எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுபவை அமோர். முழுக்கப் பூமியின் பாதைக்கு உள்ளேயே சுற்றுபவை அட்டீரா. அபோபிஸ் இன்றைக்கு ஏட்டன்.

படி 3: வரைந்து பாருங்கள், ஏமாற்றம் காத்திருக்கிறது

புத்தகப் படங்களில் சிறுகோள் பாதை எப்போதும் நீண்ட முட்டையாக இருக்கும். நீங்களே வரையுங்கள். ஓர் அலகுக்கு 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் குண்டூசிகளுக்கு இடைவெளி 3.5 செ.மீ.; முடிச்சுப் போட்ட நூல் வளையத்தின் மொத்தச் சுற்றளவு 22 செ.மீ. வளையத்தை ஊசிகளைச் சுற்றிப் போட்டு, பென்சிலால் இழுத்துப் பிடித்து ஒரு சுற்று வாருங்கள். ஓர் ஊசிதான் சூரியன். அதே ஊசியை மையமாக வைத்துக் காம்பஸில் 10 செ.மீ. வட்டம் போடுங்கள், அது பூமி.

நீளம் 18.4 செ.மீ., அகலம் 18.1 செ.மீ. முட்டையைக் காணோம்! வெறும் கண்ணுக்கு அது வட்டம்தான். சூரியன் மட்டும் நடுவில் இல்லை. இந்தச் சின்ன ஏமாற்றம் முக்கியமானது. இரண்டு கிட்டத்தட்ட வட்டங்கள், ஒன்றோடொன்று மிகச் சிறிய கோணத்தில் உரசிக்கொண்டு போகின்றன. பூமியும் அபோபிஸும் ஏறக்குறைய ஒரே திசையில் ஓடும் இரண்டு வண்டிகள் போல. அதனால்தான் அதன் வேகம் நமக்கு ஒப்பாகப் பார்த்தால் அதிகமில்லை. நெருங்கும் கணத்திலும் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டர்தான். பூமி சூரியனைச் சுற்றும் வேகமோ நொடிக்கு 30 கிலோமீட்டர்.

படி 4: ராகு எங்கே என்று பாருங்கள்

காகிதத்தில் இரண்டு கோடுகளும் இரண்டு இடத்தில் வெட்டிக்கொள்கின்றன. வெட்டினால் மோதிவிடுமா? காகிதம் தட்டை, வானம் அப்படியில்லை. 3.3 பாகைச் சாய்வு இருப்பதால் இரண்டு பாதைகளும் உண்மையில் ஒரே தளத்தைத் தொடுவது இரண்டே இடங்களில்: சிறுகோள் தெற்கிலிருந்து வடக்கே ஏறும் ஏறுகணு, வடக்கிலிருந்து தெற்கே இறங்கும் இறங்குகணு. பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. நிலவின் பாதைக்கு இப்படி இருக்கும் இரண்டு கணுக்களைத்தான் ராகு, கேது என்கிறோம். கிரகணம் அங்கேதான் நிகழும். அபோபிஸுக்கும் ஒரு ராகு உண்டு.

பட்டியலில் ஏறுகணுவின் தீர்க்கரேகை ஏறத்தாழ 204 பாகை என்று இருக்கும். சூரியனிலிருந்து பார்த்தால் பூமி 180 பாகையில் நிற்பது மார்ச் 20 சுமாருக்கு. நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு பாகை நகர்கிறது. இன்னும் 24 நாள் கூட்டுங்கள்: ஏப்ரல் 13. அபோபிஸைப் பற்றிய அச்சமூட்டும் தேதிகள் எல்லாம் ஏப்ரல் 12, 13 என்றே வந்ததன் ரகசியம் இதுதான். ஆண்டுதோறும் அந்த நாளில் பூமி அந்தக் கணுவைக் கடக்கிறது.

பூமி அங்கே இருந்தால் போதாது, சிறுகோளின் கணுவும் சூரியனிலிருந்து அதே தூரத்தில் இருக்க வேண்டும். பட்டியலில் அண்மைநிலைக் கோணம் (ஏறுகணுவுக்கும் சூரியனுக்கு மிக அருகில் வரும் இடத்துக்கும் இடையிலான கோணம்) 126.7 பாகை என்று இருக்கிறதல்லவா, அதை வைத்துக் கணக்கிடலாம். அரைப் பேரச்சை (1 − 0.191-இன் வர்க்கம்) ஆல் பெருக்கி, (1 + 0.191 × கொசைன் 126.7) ஆல் வகுங்கள். எனக்கு 1.003 வருகிறது. ஏப்ரல் நடுவில் சூரியனிலிருந்து பூமியின் தூரம் எவ்வளவு? அதுவும் 1.003. முதல் முறை இந்தக் கணக்கைப் போட்டவுடன் கால்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆக, பாதைகள் உண்மையிலேயே தொட்டுக்கொள்கின்றன. இரண்டு பாதைகளுக்கும் இடையில் உள்ள மிகக் குறைந்த இடைவெளியைத் தரவுப் பக்கம் தனியாகவே தரும். அது 0.05 அலகுக்குள், அதாவது சுமார் 75 லட்சம் கிலோமீட்டருக்குள் இருந்து, பொருளும் சுமார் 140 மீட்டருக்குப் பெரிதாக இருந்தால் ‘ஆபத்து விளைவிக்கக்கூடிய சிறுகோள்’ என்ற முத்திரை விழும். முத்திரை பாதைக்குத்தான், நாளைக்கே மோதும் என்பதற்கல்ல. ரயில்வே கேட் இருக்கும் இடமெல்லாம் விபத்து நடப்பதில்லை. சாலையும் தண்டவாளமும் வெட்டுகின்றன என்பது ஒரு செய்தி, பஸ்ஸும் ரயிலும் ஒரே நொடியில் அங்கே வருகின்றனவா என்பது வேறு செய்தி.

படி 5: ரயில் நேரம்

இது சுருக்கமான படி. பூமி எட்டுச் சுற்று வருவதற்குள் அபோபிஸ் ஒன்பது சுற்றை முடித்துவிடுகிறது (9 × 0.886 = 7.97). அதனால் ஏறக்குறைய எட்டாண்டுக்கு ஒருமுறை பக்கத்தில் வருகிறது: 2004 டிசம்பர், 2013 ஜனவரி, 2021 மார்ச், 2029 ஏப்ரல். முதல் மூன்றும் கோடிக் கிலோமீட்டர் தொலைவில். 2021-இல் கூட சுமார் 1.7 கோடி கிலோமீட்டர்.

படி 6: மோதல் வாய்ப்பை அவசரப்படாமல் படியுங்கள்

ஜூன் 2004-இல் இரண்டே இரவுகள் பார்த்தார்கள், பிறகு தொலைத்துவிட்டார்கள். டிசம்பர் 18 அன்று ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் இருந்து கார்டன் காரட் மறுபடி கண்டுபிடித்தார். புதிய கணக்கில் 2029 ஏப்ரல் 13 அன்று மோதும் வாய்ப்பு தலைகாட்டியது. மோதல் ஆபத்தைக் குறிக்கும் டோரினோ அளவையில், சுழியத்திலிருந்து பத்து வரையிலான அந்த ஏணியில், நான்காம் படிக்கு ஏறியது. அதற்கு முன்னும் பின்னும் எதுவும் அந்தப் படிக்குப் போனதில்லை. டிசம்பர் 27 அன்று வாய்ப்பு 2.7 சதவீதம், 37-இல் ஒன்று.

உலகம் ஏன் அலறவில்லை என்று கேட்கலாம். முந்தைய நாள் டிசம்பர் 26. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் முல்லைத்தீவிலும் யாருக்கும் வானத்தைப் பார்க்க நேரமில்லை; உலகச் செய்திகள் முழுவதும் ஆழிப்பேரலை.

அதே 27 அன்று பழைய படங்களைத் துழாவிக்கொண்டிருந்தவர்கள் சிறுகோள்களைத் தேடும் ஸ்பேஸ்வாட்ச் திட்டம் மார்ச் 15 அன்று எடுத்திருந்த படங்களில் ஒரு மங்கிய புள்ளியைக் கண்டெடுத்தார்கள். பார்த்த காலம் மூன்று மாதம் பின்னுக்கு நீண்டது, பாதை இறுகியது, 2029 மோதல் கணக்கிலிருந்து கழன்றது.

வாய்ப்பு ஏன் முதலில் ஏறி, பிறகு திடீரென்று விழுகிறது? வீட்டில் கம்மல் திருகாணி தொலைந்துபோகிறது. பத்து இடத்தில் எங்காவது இருக்கலாம். அரிசி மூட்டைக்கு அடியில் இருக்க வாய்ப்பு பத்தில் ஒன்று. ஐந்து இடத்தைப் பெருக்கிப் பார்த்தாயிற்று, இல்லை. இப்போது மூட்டைக்கு அடியில் இருக்க வாய்ப்பு ஐந்தில் ஒன்று. திருகாணி நகரவே இல்லை, ஆனால் வாய்ப்பு இரட்டித்துவிட்டது! கடைசியில் அது தலையணை உறையில் கிடைத்ததும் மூட்டையின் வாய்ப்பு சுழியம். சிறுகோளிலும் இதே கதைதான். ஒவ்வொரு புது அவதானிப்பும் அது இருக்கக்கூடிய வெளியைச் சுருக்குகிறது. பூமி இன்னும் அந்த வெளிக்குள் இருந்தால் சதவீதம் ஏறும். வெளி பூமியைத் தாண்டிச் சுருங்கிய மறுகணம் விழும். 2025 பிப்ரவரியில் 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோளுக்கு 3.1 சதவீதம் வரை ஏறி, சில நாளில் இறங்கியதும் இப்படித்தான். அது அபோபிஸை விடச் சிறியது என்பதால் டோரினோவில் மூன்றைத் தாண்டவில்லை.

எனவே சதவீதத்தைப் பார்க்கும்போதே இன்னும் இரண்டைப் பாருங்கள்: எத்தனை நாள் அவதானித்திருக்கிறார்கள், நிச்சயமின்மைக் குறியீடு எத்தனை. பின்னது 0 முதல் 9 வரை போகும். 0 என்றால் பாதை கல்வெட்டு மாதிரி. அபோபிஸுக்கு 0.

2029-ஐ விட்டுத் தப்பினாலும் ஒரு வால் நீண்டது. பூமியின் அருகே சுமார் 600 மீட்டர் அகலமுள்ள ஒரு சின்ன வெளி. 2029-இல் அபோபிஸ் சரியாக அதன் வழியே நுழைந்தால் பூமி ஈர்ப்பு அதன் பாதையைத் திருப்பி, 2036-இல் மோத வைக்கும். சாவித்துளை என்று அதற்குப் பெயர். 2013-இல் 2036 கழன்றது. எஞ்சியிருந்த 2068 மோதல் வாய்ப்பை 2021 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் 70 மீட்டர் அலைவாங்கி ரேடார் முடித்துவைத்தது. 1.7 கோடி கிலோமீட்டர் தள்ளியிருந்த பொருளின் தூரத்தை 150 மீட்டர் துல்லியத்தில் அளந்தார்கள். குறைந்தது நூறு ஆண்டுக்கு மோதல் இல்லை என்று அறிவித்து, ஆபத்துப் பட்டியலில் இருந்தே அபோபிஸை எடுத்துவிட்டார்கள்.

படி 7: வெயில் தள்ளும் தள்ளலைச் சேருங்கள்

2068 ஏன் அவ்வளவு நாள் இழுத்தது? வெயில் காரணம். மதியம் காய்ந்த மொட்டைமாடி இரவிலும் சுடுவதைப் போல, சிறுகோளின் பகல் பக்கம் சுழன்று மாலைக்குப் போன பிறகும் வெப்பத்தை உமிழ்கிறது. அந்த உமிழ்வு மிக மெல்லிய உந்தல் தருகிறது. யார்கோவ்ஸ்கி விளைவு. அபோபிஸ் தான் சுற்றும் திசைக்கு எதிராகத் தன்னைத்தானே சுழல்வதால் உந்தல் பின்னோக்கி அமைந்து, அரைப் பேரச்சு ஆண்டுக்கு 170 முதல் 200 மீட்டர் வரை சுருங்குகிறது.

பதினான்கு கோடி கிலோமீட்டருக்கு முன் 200 மீட்டர் என்ன பெரிது என்று தோன்றும். ஆனால் பாதை சுருங்கினால் சுற்றும் நேரமும் சுருங்கும். அந்த வித்தியாசம் ஒவ்வொரு சுற்றிலும் கூடுகிறது, வட்டிக்கு வட்டி போல. இருபது ஆண்டில் அது இருக்க வேண்டிய இடத்திலிருந்து பாதை நெடுகச் சில நூறு கிலோமீட்டர் முன்னே போயிருக்கும். சாவித்துளையோ 600 மீட்டர். இந்த எண் கையில் இல்லாமல் 2068-ஐப் பற்றி யாரும் எதுவும் சொல்லியிருக்க முடியாது. பாதைப் பட்டியலில் ‘ஏ2’ என்ற வரி இருந்தால் அந்தச் சிறுகோளுக்கு இந்த விளைவையும் அளந்துவிட்டார்கள் என்று பொருள். பெரும்பாலான சிறுகோள்களுக்கு அந்த வரியே இருக்காது.

படி 8: உடல்வாகைப் படியுங்கள், இங்கே நம்பிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்

பாதை கல்வெட்டு என்றேன். உடல் அப்படியல்ல. தொலைநோக்கியில் சிறுகோள் வெறும் புள்ளி. அதன் பிரகாசம்தான் கையில் கிடைக்கும். சூரியனிலிருந்தும் நம்மிடமிருந்தும் ஓர் அலகு தூரத்தில் வைத்தால் எவ்வளவு ஒளிரும் என்பதுதான் ‘எச்’ என்று பட்டியலிடப்படும் எண். அபோபிஸுக்குச் சுமார் 19.1. விட்டம் காண: 1329-ஐ, ‘பத்தின் அடுக்கு எச்/5’ ஆல் வகுத்து, அதை ஒளித்திருப்புத் திறனின் (விழும் ஒளியில் எத்தனை பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்பதன்) வர்க்கமூலத்தால் வகுங்கள். விடை கிலோமீட்டரில்.

ஒளித்திருப்புத் திறன் 0.35 என்று போட்டால் 0.34 கிலோமீட்டர். கரி போன்ற கறுத்த சிறுகோள் என்று நினைத்து 0.04 போட்டுப் பாருங்கள்: ஒரு கிலோமீட்டர்! ஒரே புள்ளி, ஒரே பிரகாசம். நிறத்தை ஊகிப்பதில் அளவு மூன்று மடங்கு மாறுகிறது. புதிதாகக் கண்டறிந்த சிறுகோளுக்குச் செய்தியில் ‘150 முதல் 340 மீட்டர்’ என்று பரந்த வரம்பு வருவது இதனால்தான். அந்த வரம்பில் பெரிய எண்ணை மட்டும் தலைப்பில் போடுவது எதனால் என்று சொல்ல வேண்டியதில்லை.

அபோபிஸுக்கு ஹெர்ஷல் விண்தொலைநோக்கி 2013-இல் வெப்பத்தை அளந்து 325 மீட்டர் என்றது. ரேடார் ஆய்வு 340 மீட்டர் என்றது, 40 மீட்டர் முன்பின் இருக்கலாம் என்ற குறிப்போடு. இரண்டும் முரண் அல்ல. உருண்டையாக இருந்தால் இருக்கும் விட்டம் அது. உண்மையில் அது நீளவாக்கில் நிலக்கடலைபோல, நீண்ட பக்கம் குறைந்தது 450 மீட்டராக இருக்கிறது.

நிறமாலையில் அது கல் இனம். ஒலிவின், பைராக்சீன் கனிமங்கள். எல்எல் காண்டிரைட் எனும் விண்கல் வகையோடு ஒத்துப்போகிறது. 2013-இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேல் வெடித்ததும் அதே வகை.

எடை? யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. 340 மீட்டர் உருண்டையின் கன அளவு சுமார் 2 கோடி கனமீட்டர். கற்குவியலாக உள்ளே வெற்றிடம் நிறைந்திருந்தால் கனமீட்டருக்கு 2 டன். இறுகிய பாறை என்றால் 3 டன். ஆக 4 கோடி முதல் 6 கோடி டன். எங்காவது துல்லியமான எடை போட்டிருந்தால், அது அடர்த்தியை ஊகித்துப் பெருக்கிய விடை என்று அறிக.

சுழற்சிதான் எனக்குப் பிடித்த பகுதி. கிட்டிப்புள் ஆட்டத்தில் சரியாக அடிபடாத புள் காற்றில் எப்படிப் போகும்? ஒரே அச்சில் சுழலாது; புரண்டு, தலையாட்டி, தாறுமாறாகப் போகும். அபோபிஸ் அப்படித்தான். ஒரு தலையாட்டலுக்கு சுமார் 27 மணி நேரம், தன் நீட்டு அச்சில் ஒரு புரளலுக்கு 263 மணி நேரம். இரண்டும் கலந்து, பிரகாசம் 30.6 மணிக்கு ஒருமுறை தெளிவாக ஏறி இறங்குகிறது. தரவுப் பக்கத்தில் சுழற்சிக் காலம் என்று இந்த ஒற்றை எண்ணை மட்டும் போட்டிருப்பார்கள்.

படி 9: 2029 ஏப்ரலைக் குறித்துவையுங்கள்

உலகப் பொது நேரப்படி ஏப்ரல் 13 இரவு 9.46. இந்திய, இலங்கை நேரப்படி ஏப்ரல் 14 அதிகாலை 3.16, சித்திரைப் புத்தாண்டு விடியும் பொழுது. பூமியின் மையத்திலிருந்து 38,000 கிலோமீட்டர், தரையிலிருந்து சுமார் 32,000. இந்த இரண்டு எண்களையும் செய்திகள் குழப்பிக்கொள்ளும். இரண்டும் ஒன்றுதான், அளக்கும் இடம் வேறு. நிலவின் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு. டிவி ஒளிபரப்புச் செயற்கைக்கோள்கள் நிற்கும் 36,000 கிலோமீட்டர் உயரத்தைவிடக் கீழே.

ஏறுகணுவில் வருகிறது என்பதால் அது தெற்கிலிருந்துதான் வரும். முதலில் ஆஸ்திரேலியாவின் இரவு வானில், பிறகு இந்தியப் பெருங்கடல், ஆப்பிரிக்கா, மிக நெருங்கும் கணத்தில் அட்லாண்டிக் மேல். அந்தக் கணத்தில் நமக்கு அது அடிவானத்துக்குக் கீழே போயிருக்கும். எனவே அதிகாலைக்கு அலாரம் வைத்துப் பயனில்லை. 13-ஆம் தேதி இரவே தேட வேண்டும், அப்போது இன்னும் தூரத்தில் இருக்கும் என்பதால் இருநோக்கி கையில் இருப்பது நல்லது. ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருப்பவர்களுக்கு மூன்றாம் ஒளித்தர விண்மீன் அளவு பிரகாசத்தில் வெறும் கண்ணுக்கே தெரியும்.

படி 8-இல் நாம் ஊகமாக விட்ட இடங்களை நிரப்பத்தான் விண்கலங்கள் போகின்றன. பென்னு சிறுகோளின் மண்ணை 2023-இல் பூமிக்கு அனுப்பிவைத்த நாசாவின் கலம், ஒசைரிஸ்-அபெக்ஸ் என்ற புதுப் பெயரில், 2029 நெருக்கத்துக்குப் பிறகு அங்கே போய்ச் சேரும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் ராம்செஸ், நெருக்கத்துக்கு முன்பே போய்க் கூடவே வர வேண்டும் என்பது திட்டம். பூமியின் ஈர்ப்பு அந்தத் தாறுமாறான சுழற்சியை மாற்றும், மேற்பரப்பில் கற்கள் சரியலாம். முன்னும் பின்னும் அளந்தால் உள்ளே குவியலா பாறையா என்று தெரிந்துவிடும்.

பாதையும் மாறும். அரைப் பேரச்சு 0.92-இலிருந்து ஏறக்குறைய 1.10-க்குத் தாவும், சுற்றுக்காலம் 324 நாளிலிருந்து ஏறக்குறைய பதினான்கு மாதமாகும். ஏட்டன் அன்றோடு அப்பல்லோவாகிவிடும். எட்டாண்டுக்கு ஒருமுறை என்ற படி 5 கணக்கும் அத்தோடு செல்லாது. எனவே உங்கள் நோட்டில் படி 2-க்கான எண்களைப் பென்சிலால் எழுதுங்கள்.